லாரிக்கு அளவெடுத்தது

மூக்கு நுனியிலிருந்து வால் முளைக்கும் இடம்வரை
ஒரு அளவு.
நின்றால் காது நுனிவரை ஒரு அளவு.
தையல்கடை ரோஸ்லின் அக்காவிடம் டேப் இரவல் வாங்கி
நான்தான் அளந்தேன்.
முப்பத்திரண்டுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவே
எண்களே இல்லாதபடி கடித்துவைத்தாள்.
புது டேப்புக்கு நாற்பது ரூபாய்.

தச்சநல்லூர் பைபாஸில்
அச்சு முறிந்து நின்ற லாரிக்கு அடியில் கிடந்த குட்டி.
அதனால் லாரி.
அயர்லாந்திலும் லாரிக்கு லாரி என்றுதான் பெயராம்.
அத்தான் சொன்னார்,
பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டதுபோல.

இராமையன்பட்டி ஆஸ்பத்திரியில்
கழுத்துத் தோலுக்குள் அரிசி மணி அளவில் ஒரு சில்லு.
பதினைந்து இலக்கம்.
'ஆதாரை விட மூணு கூட' என்றார் டாக்டர்.
இனம் என்ற கட்டத்தில் அவர் பேனா நின்றது.
கன்னியின் கால்,
சிப்பிப்பாறையின் முகம்,
மீதியெல்லாம் மீன்கடை வாசல்.
'கலப்பு' என்று எழுதிவிட்டு
மன்னிப்புக் கேட்பதுபோல் அவள் தலையைத் தடவினார்.

ரத்தம் அவளுக்கு முன்னால் கடல் தாண்டியது.
அரைப் புள்ளிக்கு மேல் இருந்தால் போதும்;
ஐந்து புள்ளி சொச்சம் வந்தது.
அக்கா கேக் வாங்கிவந்தாள்.
ரூபி தன் காலாண்டு மார்க்கை
அன்றைக்குப் பார்த்துதான் காட்டினாள்.
யாரும் திட்டவில்லை.

பிறகு மூன்று மாசம் சும்மா இருக்க வேண்டும், சட்டம்.
எனக்கு மட்டும் வேலை இருந்தது.

வண்ணார்பேட்டையில் ஆம்னி பஸ் இறக்கிவிட்டுப்போன கூண்டை
அவள் ஒன்பது நாள் குரைத்தாள்.
சாளைத் தலையை உள்ளே போட்டால்
பின்னங்கால் இரண்டையும் வெளியே ஊன்றிக்கொண்டு
கழுத்தை மட்டும் நீட்டித் தின்றாள்.
கரண்ட் போன ஒரு ராத்திரி
நான் மார்புவரை உள்ளே நுழைந்து படுத்துவிட்டேன்.
புது பிளாஸ்டிக் நாற்றம்.
கொஞ்ச நேரம் கழித்து
என்மேல் ஏறி மிதித்து வந்து
விலாவில் முதுகை முட்டுக்கொடுத்தாள்.

அப்புறம் சொல் ஒன்றே போதும்.
'உள்ள போட்டி, லாரி.'
ஐந்து நிமிஷம், கதவைச் சாத்தி அரைமணி,
ஒரு முழுப் படம்.
மார்கழியில், தெருவில் பைக்கை நிறுத்திக்கொண்டே
யாரிடமோ நான் பேசினால்கூட
எழுந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

பயணிப்பவர் எத்தனை பேர் என்ற இடத்தில்
அக்கா நாலு என்று எழுதினாள்:
தான், அத்தான், ரூபி, லாரி.
கணக்குச் சரிதான்.
எனக்கு முருகன்குறிச்சியில் கடை இருக்கிறது.
செல்போன் கண்ணாடி மாற்றுகிறேன்.
நான் கேட்கவும் இல்லை.

வீட்டு வாசனையுள்ள துணி ஒன்று வைக்கலாம் என்றார்கள்.
என் கைலி கிடந்தது உள்ளே.
வேன் வருமுன் நான்தான் உருவி எடுத்தேன்.
அங்கே போய்த் தேடுவாள்.
அக்காவின் நைட்டியை விரித்தேன்.
'உள்ள போட்டி.'
போனாள்.
கயத்தாறு டோல்கேட்டிலிருந்து 'தூங்குறா' என்று மெசேஜ் வந்தது.

கூண்டின் கதவைக் கழற்றி
அந்த ஊர்ச் சமையலறை மூலையில் போட்டிருக்கிறார்கள்.
முதல் ஞாயிறு வீடியோவில்
'சாப்டாச்சாக்கா?' என்றேன், அவ்வளவுதான்.
லாரி போனைப் பார்க்கவே இல்லை.
எழுந்து கூண்டுக்குள் போய், திரும்பி,
வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.
ஒன்றரை மணி நேரம் வெளியே வரவில்லையாம்.
மறுபடியும் எங்கோ கிளம்புகிறோம் என்று நினைத்திருப்பாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நான் வாய் திறப்பதில்லை.
கையை ஆட்டுவேன். அவர்கள் சொல்வதற்குச் சிரிப்பேன்.
பின்னால் அவள் நான்கு காலும் நீட்டித் தூங்குவது தெரியும்.
'மைக் போச்சா மாமா?' என்கிறாள் ரூபி.
ஆமாம் என்று தலையாட்டுகிறேன்,
செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன்.